வயரை விட்டு இறங்கிய மைக்



ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நம் வளாகத்தில் ஒரு வாரத்தில் எத்தனை கார்ட்லெஸ் மைக்குகள் வேலை செய்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். காலையில் புல்வெளியில் யோகா சொல்லித்தரும் ஆசிரியையின் கன்னத்தோரம் ஒன்று. மாலையில் ஜும்பா வகுப்பில் ஒன்று. பஜனையில் கைமாறிக் கைமாறிப் போகும் ஒன்று. பிறந்தநாள் விழாவில் குழந்தைகளை விளையாட வைப்பவர் கையில் ஒன்று. பொதுக்குழு என்றால் மேடையில் ஒன்று, கூட்டத்துக்குள் சுற்றிவர இன்னொன்று. இதையெல்லாம் நாம் கவனிப்பதே இல்லை. அது வேலை செய்யாத நாளில் மட்டும் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று தலையில் தட்டுகிறோம்.

இந்தச் சின்னப் பொருளுக்கு முக்கால் நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பனிச்சறுக்கு வீரர் வருகிறார். ஒரு கல்லூரிப் பொறியாளர் வருகிறார். துணி மாட்டும் ஹேங்கர் கம்பியில் செய்த மைக்கைத் தலையில் அணிந்து ஆடிய ஒரு பாடகியும் வருகிறார். அந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள இரண்டு விஷயங்கள் உண்டு. வயர் போனதால், பேசுபவர் மைக்கைத் தேடிப் போன காலம் மாறி, மைக் அவரைத் தேடி வரத் தொடங்கியது. அதே வயர் போனதால், எல்லோருக்கும் பொதுவான வானொலி அலைகளில் மைக் குடியேற வேண்டியும் வந்தது. பொது இடத்தைப் பங்குபோட்டு வாழ்வது எப்படி இருக்கும் என்று அடுக்குமாடிவாசிகளான நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வயர் என்ற கயிறு

மைக்கும் ஒலிபெருக்கியும் வந்தபோது பேசுபவரின் தொண்டைக்கு விடுதலை கிடைத்தது. கால்களுக்குக் கட்டு விழுந்தது. மைக் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் நின்றால்தான் குரல் கேட்கும். சபா நாடகங்கள் பார்த்து வளர்ந்த மூத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மேடையின் மூலையில் கோபமாக நிற்கும் கதாபாத்திரம், வசனம் வந்ததும் மைக்கை நோக்கி இரண்டு அடி முன்னால் வந்தாக வேண்டும். தெருக்கூத்திலும் இன்றுவரை பல இடங்களில் மைக்கின் முன் வந்து நின்றுதான் பாடுகிறார்கள். ஆட்டம் ஓர் இடத்தில், குரல் ஓர் இடத்தில்.

ஆசிரியர்களுக்கும் இதே பாடுதான். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் குரல் சுவரோடு போய்விடும். மைக்கைக் கையில் பிடித்தால் சாக்பீஸுக்கு ஒரு கைதான் மிச்சம். நீளமான வயர் போட்டால் காலைத் தடுக்கும்.

வயரை நீக்கும் வழி, சொல்வதற்கு எளிது. மைக்கோடு ஒரு குட்டி வானொலி நிலையத்தைச் சேர்த்துவிட வேண்டும். மைக் குரலை மின்சாரமாக மாற்றும். டிரான்ஸ்மிட்டர் அதை வானொலி அலையில் ஏற்றி அனுப்பும். சற்றுத் தள்ளி இருக்கும் ரிசீவர் அந்த அலையைப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கும். உங்கள் வீட்டு எஃப்.எம். ரேடியோ செய்கிற வேலைதான் இது. ஆனால் 1940களில் வானொலிக் கருவி என்றால் கண்ணாடி வால்வு, சூடு, கனமான பேட்டரி. அதை உடைக்குள் ஒளித்துக்கொண்டு ஆடுவது எப்படி என்பதுதான் கேள்வி.

பனியில் சறுக்கிய மந்திரவாதி

இங்கிலாந்தைச் சேர்ந்த ரெக் மூர்ஸ் ஒரு பனிச்சறுக்கு வீரர். பிரிட்டனின் ராயல் விமானப் படையில் பணியாற்றியவர். பனித்தரையில் நடக்கும் நாடகங்களில் நடிகர்கள் ஓரிடத்தில் நிற்கவே முடியாது. அரங்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சறுக்கிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு ஸ்டாண்ட் மைக் எந்த விதத்திலும் உதவாது. இந்தத் தொல்லையைத் தினமும் பார்த்த மூர்ஸ், 1947இல் வானொலி மைக் ஒன்றைத் தானே செய்தார்.

1949 செப்டம்பரில் பிரைட்டன் நகர விளையாட்டரங்கில் "அலாதீன் ஆன் ஐஸ்" என்ற நிகழ்ச்சி தொடங்கி, கிறிஸ்துமஸ் காலம் வரை நடந்தது. நமக்கெல்லாம் தெரிந்த அலாவுதீன் கதைதான். அதில் வரும் வில்லனான மந்திரவாதி அபனசாரின் உடையில் மூர்ஸ் தன் டிரான்ஸ்மிட்டரைப் பொருத்தினார். அது பிரமாதமாக வேலை செய்தது.

ஆனால் அதற்கு அவர் காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். அவர் பயன்படுத்திய 76 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அவரிடம் அனுமதி கிடையாது. விண்ணப்பம் போட்டால் சட்டவிரோதமாக ஒலிபரப்பியதைத் தானே எழுதிக் கொடுத்தது போல் ஆகியிருக்கும். நிகழ்ச்சியின் தயாரிப்பாளர்களும் இந்தக் கருவியைத் தொடரவில்லை. மறைவில் இருக்கும் மைக்கில் வேறு நடிகர்களையும் பாடகர்களையும் பேச வைத்து, சறுக்குபவர்கள் வாயசைத்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். 1972இல் மூர்ஸ் தன் பழைய கருவியை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

கார்ட்லெஸ் மைக்கின் கதை, அனுமதி இல்லாத அலைவரிசையில் இப்படித் தொடங்குகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எழுநூறு சதுர அடி சுதந்திரம்

1953இல் அமெரிக்காவின் ஷ்யூர் நிறுவனம் மேடைக் கலைஞர்களுக்காக ஒரு கார்ட்லெஸ் மைக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் "வேகபாண்ட்", அதாவது நாடோடி. பெயர் பெரிதாக இருந்தாலும் அதன் வீச்சு ரிசீவரிலிருந்து சுமார் 15 அடிதான். பரப்பளவில் சொன்னால் ஏறத்தாழ 700 சதுர அடி. நம் வளாகத்தின் கணக்கில் அது ஒரு சிறிய வீடு. அந்த நாடோடி ஹாலிலிருந்து கிளம்பி பால்கனி வரை போய்விட்டுத் திரும்பலாம். மாடிப்படி இறங்க முடியாது.

நான்கு ஆண்டுகளில் நிலைமை மாறியது. ஜெர்மனியில் அப்போது "லபோர் வே" என்ற பெயரில் இயங்கிய சென்ஹைசர் நிறுவனம், வடஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தோடு சேர்ந்து 1957இல் ஒரு கருவியைக் காட்சிக்கு வைத்தது. அடுத்த ஆண்டு அது டெலிஃபங்கன் வழியாக "மைக்ரோபோர்ட்" என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பாக்கெட்டில் அடங்கும் அளவு, 37 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, 300 அடி வீச்சு.

1958இல் ஜப்பானின் சோனி நிறுவனம் சி.ஆர்.-4 என்ற மைக்கைக் கொண்டுவந்தது. அதன் டிரான்ஸ்மிட்டரில் வால்வுக்குப் பதிலாக டிரான்சிஸ்டர். சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம், நூறடி வரை கேட்கும். 1961இல் கலிஃபோர்னியாவின் மரைன்லேண்ட் கடல்காட்சிச்சாலையில் விலங்குகளைப் பழக்கும் பயிற்சியாளர்கள் இதை அணிந்துகொண்டு பார்வையாளர்களிடம் பேசினார்கள். விலை 250 டாலர். ஒரு கையில் மீன், இன்னொரு கையால் சைகை என்று இருந்தவர்களுக்கு இது எவ்வளவு உதவியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பறைக்காகப் பிறந்த மைக்

இந்த வரலாற்றில் ஆசிரியர்களுக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்காவின் சான் ஹோசே அரசுக் கல்லூரியில் பணியாற்றிய மின்பொறியாளர் ரேமண்ட் லிட்கி, 1957இல் ஒரு கார்ட்லெஸ் மைக்கை உருவாக்கினார். தொலைக்காட்சி, வானொலி ஆகியவற்றோடு வகுப்பறைப் பாடத்துக்கும் உதவ வேண்டும் என்பது அவர் நோக்கம். கையில் பிடிப்பது ஒன்று, கழுத்தில் தொங்கவிடுவது ஒன்று என்று இரண்டு வகை செய்தார். டிரான்ஸ்மிட்டர் ஒரு சுருட்டின் அளவு, எடை சுமார் 200 கிராம். 1959இல் வேகா என்ற நிறுவனம் இதைத் தயாரித்தது. 1964இல் லிட்கிக்குக் காப்புரிமை கிடைத்தது.

பிரைட்டனில் மூர்ஸ் அனுமதி இல்லாமல் செய்ததை இவர் முறைப்படி செய்தார். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் அவருக்கு 12 அலைவரிசைகளை ஒதுக்கிக் கொடுத்தது.

பாடம் எடுப்பவருக்கு இது வெறும் வசதி என்று நினைத்துவிடாதீர்கள். நாள் முழுக்க உரத்துப் பேசும் ஆசிரியர்களின் தொண்டை கட்டிப்போவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். கழுத்தில் ஒரு மைக் இருந்தால் அவர் கத்த வேண்டியதில்லை. கடைசி வரிசைப் பிள்ளைக்கும் முதல் வரிசைப் பிள்ளைக்குக் கேட்கிற அதே குரல் கேட்கும்.

மைக் கூட்டத்துக்குள் இறங்கிய ஆண்டு

வகுப்பறையை மனதில் வைத்துச் செய்த அந்த மைக், 1960இல் வேறு ஒரு வேலைக்குப் போனது. அந்த ஜூலை மாதம் அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகளும் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநாடு கூட்டின. ஜனநாயகக் கட்சி லாஸ் ஏஞ்சலஸில், குடியரசுக் கட்சி சிகாகோவில். தொலைக்காட்சி நிருபர்கள் லிட்கியின் மைக்கை எடுத்துக்கொண்டு மாநாட்டுக் கூட்டத்துக்குள் நடந்தார்கள். வேட்பாளர்கள் கென்னடி, நிக்சன் ஆகியோரையும் அதே மைக்கோடு அணுகிப் பேச வைத்தார்கள்.

எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமான இடமாகப் படுவது இதுதான். அதுவரை பேச வேண்டியவர் மேடைக்கு வர வேண்டும். மேடை ஏறத் தயங்குபவர், ஏற முடியாதவர், யாரும் கூப்பிடாதவர் எல்லோரும் கேட்பவர்களாகவே இருந்தார்கள். வயர் போனதும், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு முன்னால் மைக் வந்து நின்றது.

கழுத்துப்பட்டையும் ஹேங்கர் கம்பியும்

சினிமாவுக்கும் இது போனது. 1964இல் வந்த "மை ஃபேர் லேடி" படத்தில் ரெக்ஸ் ஹாரிசனுக்கு உச்சரிப்புப் பேராசிரியர் வேடம். அவர் பாட்டைப் பாதி பேச்சாகச் சொல்லும் பாணிக்காரர். முன்னரே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஒலிப்பதிவாளர் ஜார்ஜ் குரோவ்ஸ், அவருடைய கழுத்துப்பட்டையில் சிறிய கார்ட்லெஸ் மைக்கை ஒளித்துவைத்து, படப்பிடிப்பின்போதே குரலைப் பதிவு செய்தார். அந்தப் படத்தின் ஒலிக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது.

ஆனாலும் பாடகர்களுக்கு ஒரு குறை இருந்தது. அலையில் ஏறி வரும் குரலோடு "ஸ்ஸ்" என்ற இரைச்சலும் சேர்ந்து வரும். மெல்லப் பாடினால் குரல் அந்த இரைச்சலில் மூழ்கும். உரக்கப் பாடினால் உடையும். 1976இல் நாடி என்ற அமெரிக்க நிறுவனம் இதற்கு ஒரு தீர்வு கொண்டுவந்தது. அனுப்பும்போது குரலின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கி அனுப்பு, வாங்கும் இடத்தில் மறுபடி விரித்துக்கொள் என்பதுதான் அந்த யோசனை. ஊருக்குப் போகும்போது பஞ்சுத் தலையணையை அமுக்கிக் கட்டி, போன இடத்தில் பிரிப்பதுபோல. விரிக்கும்போது வழியில் ஒட்டிய இரைச்சல் அமுங்கிவிடும். ரோலிங் ஸ்டோன்ஸ் போன்ற குழுக்கள் இதை மேடையில் பயன்படுத்தத் தொடங்கின.

அடுத்த குறை, கை. ஆடிக்கொண்டே பாடுபவருக்கு இரண்டு கைகளும் வேண்டும். 1979இல் இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ்ஷின் இசைப் பயணத்துக்காக, துணி மாட்டும் ஹேங்கர் கம்பியை வளைத்து, அதன் முனையில் சின்ன மைக்கைப் பொருத்தித் தலையில் அணியும்படி செய்தார்கள். கைகள் இரண்டும் ஆட்டத்துக்குக் கிடைத்தன. நம் ஜும்பா ஆசிரியை மாட்டிக்கொள்ளும் ஹெட்செட் மைக்கை அடுத்த முறை பார்க்கும்போது அந்த ஹேங்கரை நினைத்துக்கொள்ளுங்கள்.

காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர்

இப்போது மூர்ஸின் 76 மெகாஹெர்ட்ஸுக்குத் திரும்புவோம். கார்ட்லெஸ் மைக்குக்குச் சொந்த வீடு என்று ஒன்று பெரும்பாலும் இருந்ததில்லை. பல நாடுகளில் அது தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு இடையே காலியாக இருந்த இடங்களில் ஒண்டிக்குடித்தனம் நடத்தியது. தொலைக்காட்சிக்கு இடைஞ்சல் செய்யாதவரை யாரும் கேட்கவில்லை.

பிறகு செல்போன் வந்தது. தொலைக்காட்சி டிஜிட்டலுக்கு மாறியதும் அதற்குக் குறைந்த இடமே போதும் என்று ஆனது. மிச்ச இடத்தை அரசுகள் செல்போன் நிறுவனங்களுக்கு ஏலம் விட்டன. அலைக்கற்றை என்ற சொல்லும் அதன் விலையும் நம் நாட்டில் அனைவருக்கும் தெரிந்தவைதானே. அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கிய மைக்குகளை 2010 ஜூன் 12க்குப் பிறகு பயன்படுத்தக் கூடாது என்று தடை வந்தது. அங்கிருந்து 600க்கு நகர்ந்தவர்களுக்கு இரண்டாவது நோட்டீஸும் வந்தது. அதன் பெரும்பகுதியை 2020 ஜூலை 13க்குள் காலி செய்ய வேண்டியிருந்தது. தேவாலயங்கள், பள்ளிகள், நாடகக் குழுக்கள் எல்லாம் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மைக்குகளை ஓரம் கட்டின. பழுது மைக்கில் இல்லை; அது குடியிருந்த இடம் விற்கப்பட்டுவிட்டது.

இந்தியாவிலும் 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியை ஜியோ நிறுவனம் நாடு முழுவதற்கும் வாங்கியது. அந்தப் பகுதியில் 703 முதல் 748 வரை செல்போன்கள் டவரோடு பேசுகின்றன. 758 முதல் 803 வரை டவர் செல்போன்களோடு பேசுகிறது. நேற்றுவரை ஒழுங்காக இருந்த பழைய மைக் திடீரென்று கரகரக்கிறது என்றால், மைக் செட்காரரைத் திட்டுவதற்கு முன்னால் ரிசீவரின் பின்புறம் ஒட்டியிருக்கும் அலைவரிசை எண்ணைப் பாருங்கள். 700 தாண்டி இருந்தால் பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தவர் யார் என்று தெரிந்துவிடும்.

இன்று பல மைக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் டிஜிட்டலாக இயங்குகின்றன. 2019இல் ஆஸ்திரேலியாவின் ரோடு நிறுவனம் கொண்டுவந்த, சட்டையில் கிளிப்போல மாட்டும் சிறிய மைக் இந்த வகைதான். யூடியூபில் பேசும் பலருடைய சட்டையிலும் இதைப் போன்றவற்றைப் பார்க்கிறோம். இந்த அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை. அதனாலேயே அங்கே நெரிசல். வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே முற்றத்தில்தான். மனித உடலும் இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். ஆள் இல்லாத ஹாலில் மதியம் அருமையாகக் கேட்ட மைக், மாலையில் இருநூறு பேரும் அவர்களுடைய போன்களும் வந்ததும் விட்டுவிட்டுக் கேட்பது இதனால்தான்.

நமக்கு என்ன

சங்கத்தின் பொருட்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும், விழா நடத்துபவர்களுக்கும் இந்த வரலாற்றிலிருந்து சில எளிய யோசனைகள்.

புது மைக் வாங்கும்போது விலையோடு அலைவரிசையையும் கேளுங்கள். நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியும் விதிகளுக்கு உட்பட்ட குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் இல்லாமலே திறந்திருக்கின்றன. ரிசீவரை மேஜைக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ வைக்காதீர்கள். மைக் பிடித்தவருக்கும் ரிசீவருக்கும் இடையே தலைகள் மறைக்காத உயரத்தில் வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நிகழ்ச்சி இருந்தால், இரண்டு மைக்குகளும் வேறு வேறு சேனலில் இருக்கட்டும். இல்லையென்றால் கிளப் ஹவுஸ் பஜனையில் மொட்டைமாடிப் பிறந்தநாள் வாழ்த்து வந்து கலக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய வகை மைக் ஒரு திறந்த வானொலி நிலையம். அதே அலைவரிசையில் பக்கத்தில் ரிசீவர் வைத்திருக்கும் யாருக்கும் நீங்கள் பேசுவது கேட்கும். காலர் மைக்கை மாட்டிக்கொண்டு மேடையை விட்டு இறங்குபவர்கள், வெளியே போய்ப் பேசுவதற்கு முன்னால் சுவிட்சை அணைத்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

கடைசியாக, பொதுக்குழு. பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரி, லிஃப்ட் மாற்றுவது என்று நம் எல்லோர் பணத்தையும் தொடும் முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படுகின்றன. எந்தச் சங்கத்திலும் முன்வரிசையில் இருப்பவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். பின்வரிசையில் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கும் மாமாவும், குழந்தையை மடியில் வைத்திருக்கும் இளம் அம்மாவும், கூட்டத்தின் முன்னால் எழுந்து வரக் கூச்சப்படுபவரும் வாக்களிக்கக் கை மட்டும் தூக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். பேசுவது சரியாகக் கேட்காததால் தலையாட்டிவிடும் மூத்தவர்களும் உண்டு.

எனவே செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்குழுவில் இரண்டு கார்ட்லெஸ் மைக்குகளில் ஒன்றை மேடைக்கு ஏற்றாமல், இரண்டு இளைஞர்களிடம் கொடுத்துக் கடைசி வரிசையிலிருந்து சுற்றிவரச் சொல்லுங்கள். முதல் கேள்வி பின்னாலிருந்து வரட்டும். பேட்டரியை முந்தின நாளே மாற்றிவிடுங்கள்.